காட்டுத்தீயும் மண்ணும்: ஹந்தானைச் சரிவும் வடக்கின் உறைநிலமும்



காட்டுத்தீயின் விளைவுகளை விளக்குமாறு கேட்கப்பட்டால், பெரும்பாலான விடைத்தாள்களில் "மரங்கள் எரியும், விலங்குகள் இறக்கும், புகை பரவும்" என மூன்று விடயங்களே காணப்படுகின்றன. இவை சரியானவைதாம். எனினும் இவை மூன்றும் தீ எரியும் நேரத்தில் நிகழ்பவை. தீ அணைந்த பின்னர் மண்ணில் தொடங்கும் மாற்றம் பல ஆண்டுகளுக்கு நீடிக்கும். அதனை விளக்கி எழுதும் மாணவரே முழுப்புள்ளியையும் பெறுவார்.

இம்மாற்றத்தை இரண்டு இடங்களைக் கொண்டு விளங்கிக்கொள்வோம். ஒன்று, கண்டி நகரின் தென்மேற்கே எழுந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடர். மற்றையது அலாஸ்கா, கனடா, சைபீரியா ஆகிய வட பிரதேசங்களின் ஊசியிலைக் காடுகள். முதலாவதில் மண் ஒருபோதும் உறைவதில்லை. இரண்டாவதில் மண்ணின் ஆழப்பகுதி கோடையிலும் உறைந்தே கிடக்கின்றது. இவ்வளவு வேறுபட்ட இவ்விரு நிலங்களிலும் தீ ஒரே வகையான பிழையைச் செய்கின்றது. அது என்ன என்பதை இப்பாடத்தின் முடிவில் நீங்களே கூறக்கூடியதாக இருக்கும்.

1. ஹந்தானை: அமைவும் நிலப்பயன்பாடும்

ஹந்தானை மலைத்தொடர் ஏழு சிகரங்களைக் கொண்டது. இதன் உயர்ந்த பகுதி கடல்மட்டத்திலிருந்து 1100 மீற்றருக்கும் மேற்பட்டது. இதன் அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 2010ஆம் ஆண்டில் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இப்பிரதேசம் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

இன்று ஹந்தானையில் காணப்படும் தாவரப் போர்வையை நான்காகப் பிரிக்கலாம்.

(அ) ஓடைக்கரைகளிலும் உயர் மடிப்புகளிலும் எஞ்சியுள்ள இயற்கைக் காடு
(ஆ) தேயிலைத் தோட்டங்கள்
(இ) மானாப் புல் நிறைந்த புல்நிலம்
(ஈ) பைனஸ் மரத் தோட்டங்கள்

19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக் காடுகள் முதலில் கோப்பிக்காக வெட்டப்பட்டன. 1869 முதல் பரவிய இலைத்துரு நோயினால் கோப்பிச் செய்கை வீழ்ச்சியடைய, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பின்னர் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களில் புல் பரவியது. அவ்வாறான வெற்று நிலங்களை மூடுவதற்காக, 1970களிலும் 1980களிலும் மகாவலியின் மேல் நீரேந்து பிரதேசங்களில் பைனஸ் கரிபியா என்னும் மரம் பெருமளவில் நாட்டப்பட்டது. இது மத்திய அமெரிக்காவையும் கரிபியன் தீவுகளையும் தாயகமாகக் கொண்ட மரமாகும்.

இந்நான்கில் இலகுவில் தீப்பற்றுபவை புல்நிலமும் பைனஸ் தோட்டமுமே என்பதைக் குறித்துக்கொள்க.

2. தீ ஏன் பற்றுகின்றது?

தீ உண்டாவதற்கு எரிபொருள், ஒட்சிசன், வெப்பம் ஆகிய மூன்றும் ஒருங்கே தேவை என்பதை விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். ஹந்தானையில் இவை பின்வருமாறு ஒன்றுசேர்கின்றன.

எரிபொருள்: சனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காலத்தில் மானாப் புல் காய்ந்து வைக்கோல் போலாகின்றது. பைனஸ் மரத்தின் ஊசியிலைகள் பிசினும் மெழுகும் கொண்டவை. அவை மெதுவாகவே உக்குகின்றன. ஆதலால் மரங்களின் கீழ் காய்ந்த ஊசியிலைகள் தடித்த படையாகச் சேர்கின்றன.

ஒட்சிசன்: திறந்த மலைச்சரிவில் வீசும் காற்று இதனைத் தடையின்றி வழங்குகின்றது.

வெப்பம்: நமது நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதரால் மூட்டப்படுவதாகும். கால்நடைகளுக்கு இளம்புல் பெறுவதற்காகப் புல்லுக்குத் தீயிடுதல், வேட்டைக்காக மூட்டும் தீ, குப்பை எரித்தல், மலையேறுவோர் அணைக்காமல் விட்டுச்செல்லும் அடுப்புத் தீ, வீசியெறியும் சிகரெட் துண்டு என்பன இதற்குக் காரணங்களாகும்.

தீ மலையடிவாரத்தில் பற்றினால் விரைவாக மேலேறும். சரிவின் மேற்புறமுள்ள புல்லைச் சுவாலை நெருங்கி நின்று முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடுவதே இதற்குக் காரணம். சரிவு 10 பாகையால் கூடும்போது தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் எனத் தீயணைப்போர் கணிப்பர். ஆகவே எரியும் சரிவொன்றின் மேற்பக்கத்தில் ஒருபோதும் நிற்கலாகாது.

3. தீ மண்ணில் ஏற்படுத்தும் மாற்றங்கள்

மண் வெப்பத்தை அரிதிற் கடத்தும். எனவே மேற்பரப்பில் வெப்பநிலை பல நூறு பாகை செல்சியசை எட்டினாலும், சில சென்ரிமீற்றர் ஆழத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடும். மானாப் புல்லின் நிலத்தடி மொட்டுகள் உயிர் தப்பி, முதல் மழையுடன் மீண்டும் துளிர்ப்பது இதனாலேயே. ஆனால் காட்டு மரங்களின் நாற்றுகளுக்கு இவ்வசதி இல்லை. அவை முற்றாக எரிந்துவிடுகின்றன. வருடந்தோறும் தீ பரவினால் நாற்றுகள் மரமாவதற்கு வாய்ப்பேயில்லை. புல் தீயை வளர்க்க, தீ புல்லை நிலைக்கச்செய்யும் ஒரு வட்டம் உருவாகின்றது.

மண்ணில் ஏற்படும் முக்கிய மாற்றங்கள் வருமாறு:

(1) இலைகுழைப் படை அழிதல். மழைத்துளியின் விசையைத் தாங்கிக்கொள்ளும் மெத்தை இதுவேயாகும். இது எரிந்தபின் துளிகள் நேரடியாக மண்மணிகளைத் தாக்கிச் சிதறடிக்கின்றன. சிதறிய நுண்மணிகள் மண்ணின் நுண்டுளைகளை அடைத்துவிடுகின்றன.

(2) நீர் ஒட்டாத படை உண்டாதல். ஊசியிலைகளிலும் புல்லிலுமுள்ள மெழுகு போன்ற பொருட்கள் வெப்பத்தால் ஆவியாகின்றன. அவ்வாவியின் ஒரு பகுதி கீழே உள்ள குளிர்ந்த மண்ணில் ஒடுங்கி, மண்மணிகளின் மேல் மென்படலமாகப் படிகின்றது. இதனால் நீர் உட்புகுவது தடைப்படுகின்றது. சேம்பு இலையில் நீர்த்துளி உருண்டோடுவதை நினைத்துப் பாருங்கள்.

(3) போசணை இழப்பு. சேதனப் பொருளிலுள்ள நைதரசனின் பெரும்பகுதி வாயுவாக வெளியேறுகின்றது. கல்சியம், பொற்றாசியம், பொசுபரசு என்பன சாம்பலில் தங்கி, மண்ணின் அமிலத்தன்மையைத் தற்காலிகமாகக் குறைக்கின்றன. எரிந்த நிலத்தில் புல் செழிப்பாகத் தோன்றுவது இதனாலாகும். ஆனால் சரிவான நிலத்தில் அச்சாம்பல் அடுத்த மழையுடன் அடித்துச் செல்லப்படுகின்றது.

(4) மண்ணங்கிகள் அழிதல். மேற்படையிலுள்ள பற்றீரியா, பங்கசு, மண்புழு முதலியன குறைவதால் உக்கல் உருவாகும் வேகமும் மண்ணின் திரளமைப்பும் பாதிக்கப்படுகின்றன.

4. காலம் செய்யும் கேடு

ஹந்தானையில் தீ பரவும் காலம் எது? சனவரி முதல் மார்ச் வரை. அதனை அடுத்து வருவது எது? மார்ச், ஏப்ரல் மாதங்களுக்குரிய முதலாம் இடைமொன்சூன் காலம். பிற்பகல் வேளைகளில் இடிமின்னலுடன் மேற்காவுகை மழை கொட்டும் காலம் அது. மே மாதம் முதல் தென்மேல் மொன்சூன் தொடங்குகின்றது. அதாவது, மண் தன் போர்வையை இழந்து நிற்கும் வாரங்களிலேயே மிகக் கடுமையான மழை அதன்மீது விழுகின்றது. காலநிலைப் பாடத்தையும் மண் பாடத்தையும் இணைக்கும் இக்கருத்தை விடையில் எழுதத் தவறாதீர்கள்.

இதன் அளவை ஒரு சிறு கணக்கின் மூலம் அறிவோம்.

கணக்கு: 1 ஹெக்டேயர் நிலத்தில் ஒரு பிற்பகலில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தது எனக் கொள்க. விழுந்த நீரின் கனவளவு யாது?

1 ஹெக்டேயர் = 10,000 சதுர மீற்றர்
மழையின் உயரம் = 0.05 மீற்றர்
கனவளவு = 10,000 × 0.05 = 500 கன மீற்றர் = 5 இலட்சம் இலீற்றர்

காடு இருந்தால் இந்நீரின் பெரும்பகுதி மெதுவாக உட்புகுந்து ஊற்றுகளைச் சென்றடையும். எரிந்த சரிவில் அதில் கூடுதலான பங்கு மேற்பரப்பில் ஓடிவிடும். அவ்வோட்டம் 1 மில்லிமீற்றர் தடிப்பான மண்ணை மட்டும் அரித்துச் சென்றதாகக் கொண்டாலும், 1 ஹெக்டேயரிலிருந்து 10 கன மீற்றர் மண் இழக்கப்படும். 1 கன மீற்றர் மண் சுமார் 1.2 தொன் எனக் கொண்டால் அது 12 தொன் ஆகும். கண்ணுக்குப் புலப்படாத 1 மில்லிமீற்றர் ஒரு லொறிச் சுமையாகின்றது!

இம்மண் எங்கே செல்கின்றது? ஹந்தானை ஓடைகள் வழியாக மகாவலி கங்கையை அடைகின்றது. கண்டியைச் சுற்றிப் பாயும் மகாவலியில் 1976ஆம் ஆண்டில் பொல்கொல்ல அணைக்கட்டு அமைக்கப்பட்டது. அங்கிருந்து சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் வழியாக நீர் உக்குவளை மின்நிலையத்துக்கும், அதன்பின் வட மத்திய உலர் வலயத்துக்கும் அனுப்பப்படுகின்றது. எஞ்சிய நீர் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடைகின்றது. ஆகவே ஹந்தானையில் எரியும் ஒரு புல்நிலம், தொலைவிலுள்ள விவசாயியின் நீரிலும் நம் வீட்டு மின்விளக்கிலும் தொடர்புடையது.

அயலிலும் பாதிப்பு உண்டு. சரிவிலுள்ள ஊற்றுகளையும் ஓடைகளையும் நம்பியிருக்கும் தோட்டக் குடியிருப்புகளுக்கு மழைக்காலத்தில் கலங்கல் நீரும், வறண்ட காலத்தில் நீர்த்தட்டுப்பாடும் கிடைக்கின்றன. மழைநீர் மண்ணுள் சேமிக்கப்படாமற் போனதே இரண்டுக்கும் காரணம்.

மண்சரிவு பற்றியும் தெளிவாக இருத்தல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் "டித்வா" சூறாவளியின்போது பெய்த கடும் மழையினால் கண்டி மாவட்டத்தில் பாரிய மண்சரிவுகள் ஏற்பட்டு, பெருமளவு உயிர்கள் பலியாயின. அவை தீயினால் ஏற்பட்டவை அல்ல. அசாதாரண மழையினால் ஏற்பட்டவை. ஆனால் அவை ஓர் உண்மையை நினைவூட்டுகின்றன. மலைநாட்டுச் சரிவில் மண்ணைப் பிடித்துவைக்கும் வேர்களும் நீர் வடிந்தோடும் பாதைகளும் உயிர்காக்கும் அரண்களாகும். அடிக்கடி எரிந்து ஆழ்வேர் மரங்களை இழக்கும் சரிவில் அவ்வரண் பலவீனமடைகின்றது.

5. வடக்கின் காடுகள்: உறைநிலம் என்றால் என்ன?

இனி வடக்கே செல்வோம். குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக 0 பாகை செல்சியசிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம் நிரந்தர உறைநிலம் எனப்படும். வட அரைக்கோளத் தரைப்பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இத்தகைய நிலம் காணப்படும் பிரதேசங்களில் அடங்கும்.

உறைநிலத்தின் மேலே கோடையில் உருகி மாரியில் மீண்டும் உறையும் படை ஒன்றுண்டு. அது உயிர்ப்புப் படை எனப்படும். அதன் தடிப்பு சில பத்து சென்ரிமீற்றர் முதல் இரண்டொரு மீற்றர் வரை இடத்துக்கிடம் வேறுபடும். மரங்கள் வேரூன்றுவது இப்படையிலேயே. அதற்கும் மேலே பாசியும் உக்காத இலைகுழையும் சேர்ந்த தடித்த மெத்தை ஒன்று விரிந்துள்ளது. இம்மெத்தை வெப்பக் காவலியாகத் தொழிற்பட்டு, கோடை வெப்பம் கீழிறங்காமல் தடுக்கின்றது. பனிக்கட்டி விற்பவர் கட்டியைச் சணற்சாக்கினாலும் மரத்தூளினாலும் மூடிவைப்பது போன்றதே இது.

காட்டுத்தீ இங்கு மூன்று வழிகளில் தாக்குகின்றது.

(அ) பாசி மெத்தையை எரித்து, காவலியை அகற்றுகின்றது.
(ஆ) மரங்களின் நிழலை இல்லாமலாக்கி, சூரிய ஒளி நிலத்தை நேரடியாக அடையச் செய்கின்றது.
(இ) தரையைக் கரியால் கறுப்பாக்குகின்றது. கறுத்த மேற்பரப்பு ஒளியைக் குறைவாகத் தெறிக்கச் செய்து கூடுதலாக உறிஞ்சும்.

இதன் விளைவாக ஒவ்வொரு கோடையிலும் உருகல் முன்னரைவிட ஆழமாகச் செல்கின்றது. உயிர்ப்புப் படை தடிக்கின்றது. மண்ணுள் பெருமளவு பனிக்கட்டி இருந்த இடங்களில், பனி உருகி நீர் வடிந்ததும் நிலம் தாழ்ந்து குழிகள் தோன்றுகின்றன. மரங்கள் சாய்கின்றன. வீதிகளும் கட்டடங்களும் வெடிக்கின்றன.

பனிக்கட்டி உருகுவதற்குப் பெருமளவு மறைவெப்பம் தேவை. 1 கிலோகிராம் பனிக்கட்டியை 0 பாகையில் உருக்க மட்டும் 3,36,000 யூல் வேண்டும். ஆகவே தீ எரியும் சில மணி நேரத்தில் உறைநிலம் உருகிவிடாது. தீயின் பின்னர் வரும் பல கோடைகளில், சூரிய வெப்பமே அதை உருக்குகின்றது. "காட்டுத்தீயின் வெப்பம் உறைநிலத்தை உருக்கும்" என எழுதுவது மாணவர் விடும் பொதுவான தவறாகும். "காட்டுத்தீ காவற்படையை அகற்றுவதால் உறைநிலம் பின்னர் உருகும்" என்பதே சரியான கூற்று.

உதாரணங்கள்: 2007ஆம் ஆண்டில் அலாஸ்காவின் வடபகுதியில் அனக்துவுக் ஆற்றையண்டிய சுமார் 1000 சதுர கிலோமீற்றர் தூந்திரா நிலம் எரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எரிந்த நிலத்தின் பல பகுதிகள் தாழ்ந்து மேடுபள்ளமானதை ஆய்வாளர் வானிலிருந்து அளந்து அறிந்தனர். ரஷ்யாவின் சகா குடியரசிலுள்ள பட்டகை என்னுமிடத்தில் 1960களில் காடு அகற்றப்பட்ட பின்னர் தொடங்கிய நிலத்தாழ்வு, இன்று ஏறத்தாழ 1 கிலோமீற்றர் நீளமான பெரும் பள்ளமாகியுள்ளது. அங்கு போர்வையை அகற்றியது தீ அன்று, மனிதரே. விளைவு மட்டும் ஒன்றே. 2023ஆம் ஆண்டில் கனடாவில் ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் ஹெக்டேயர் நிலம் எரிந்தமை இப்பிரச்சினையின் அளவைக் காட்டுகின்றது.

இது நமக்கு ஏன் முக்கியம்? உறைநிலப் பிரதேசங்களின் மண்ணில் வளிமண்டலத்தில் உள்ளதைப் போல் சுமார் இருமடங்கு காபன் சேமிக்கப்பட்டுள்ளது. மண் உருகும்போது பற்றீரியாக்கள் அதிலுள்ள சேதனப் பொருளைப் பிரிகையடையச் செய்து, ஒட்சிசன் உள்ள இடத்தில் காபனீரொட்சைட்டையும், ஒட்சிசன் அற்ற சேற்றுநிலத்தில் மெதேனையும் வெளியேற்றுகின்றன. இவை பச்சைவீட்டு வாயுக்களாகும். புவி மேலும் வெப்பமடைய, காடு மேலும் உலர்ந்து தீப்பற்ற, உறைநிலம் மேலும் உருகுகின்றது. இவ்வாறு விளைவே காரணத்தை வலுப்படுத்துவது நேர்ப் பின்னூட்டல் எனப்படும்.

6. ஒப்பீடு

மூடுபடை: ஹந்தானையில் இலைகுழையும் தாவரமும். வடக்கில் பாசி மெத்தை.
அதன் தொழில்: ஹந்தானையில் மழையின் விசையிலிருந்து காத்தல். வடக்கில் வெப்பத்திலிருந்து காத்தல்.
தீயின் பின் தாக்கும் காரணி: ஹந்தானையில் இடைமொன்சூன் மழை. வடக்கில் கோடைச் சூரியன்.
மண்ணின் இழப்பு: ஹந்தானையில் மேல்மண்ணும் போசணையும். வடக்கில் பனிக்கட்டியும் காபனும்.
தொலைவிலான விளைவு: ஹந்தானையில் மகாவலியில் மண் படிதல். வடக்கில் புவி வெப்பமடைதல்.

இரண்டிலும் தீ செய்யும் ஒரே பிழை இப்போது தெளிவாகியிருக்கும். தீ மண்ணின் போர்வையை நீக்கிவிட்டுப் போகின்றது. அதன்பின் வழக்கமாக வரும் மழையும் வெயிலுமே அழிவைச் செய்கின்றன.

7. பாதுகாப்பு வழிகள்

(1) வறண்ட காலத்துக்கு முன்னர் தீத்தடுப்பு எல்லைகளைத் துப்புரவாக்கல்.
(2) பைனஸ் தோட்டங்களில் படிப்படியாகச் சுதேச மரங்களை நாட்டுதல். சிங்கராஜக் காட்டின் எல்லையிலுள்ள பைனஸ் தோட்டத்தில், மரவரிசைகள் சிலவற்றை அகற்றிச் சுதேச இனங்களை நாட்டும் ஆய்வுகளில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோர் ஈடுபட்டனர். பைனஸ் மரத்தின் நிழலைச் சுதேச நாற்றுகளுக்குத் துணையாகப் பயன்படுத்தலாம் என்பது அதிற் பெறப்பட்ட பாடமாகும்.
(3) எரிந்த சரிவில் சமவுயரக் கோட்டு வழியே தடைகள் அமைத்து நீரோட்ட வேகத்தைக் குறைத்தல்.
(4) காட்டுக்குத் தீயிடுதல் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதை மக்களுக்கு அறிவுறுத்தல்.
(5) தீயைக் கண்டவுடன் அறிவித்தல். தீயணைப்புச் சேவை: 110. அனர்த்த முகாமைத்துவ நிலையம்: 117. நீங்களாகவே சரிவில் ஏறி அணைக்க முயலாதீர்கள்.

செயற்பாடு

ஒரே அளவான இரண்டு தட்டங்களில் ஒரே வகை மண்ணை நிரப்பி, ஒரே சாய்வில் வையுங்கள். ஒன்றை மட்டும் காய்ந்த இலைகளால் மூடுங்கள். பூவாளியினால் சம அளவு நீரை இரண்டிலும் ஊற்றி, வடியும் நீரைக் கண்ணாடிக் குவளைகளிற் சேகரியுங்கள். நீரின் அளவையும் கலங்கலையும் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துங்கள். மாறாது வைத்த காரணிகள் எவை, மாற்றிய காரணி எது என்பதையும் குறிப்பிடுக.

பயிற்சி வினாக்கள்

1. நிரந்தர உறைநிலம், உயிர்ப்புப் படை ஆகியவற்றை வரைவிலக்கணப்படுத்துக.
2. தீக்குப் பின்னர் மானாப் புல் விரைவாகத் துளிர்க்க, மர நாற்றுகள் அழிவது ஏன்?
3. பெப்ரவரியில் எரிந்த ஹந்தானைச் சரிவொன்றில் ஏப்ரலில் மண்ணரிப்பு அதிகரிப்பதற்கான காரணங்கள் மூன்று தருக.
4. 2 ஹெக்டேயர் சரிவிலிருந்து 2 மில்லிமீற்றர் மேல்மண் அரிக்கப்பட்டால், இழந்த மண்ணின் திணிவைத் தொன்னிற் காண்க. (1 கன மீற்றர் மண் = 1.2 தொன்)
5. "உறைநிலத்தை உருக்குவது தீயன்று, தீக்குப் பின்வரும் கோடைகளே." விளக்குக.

விடைக் குறிப்பு: வினா 4இன் விடை 48 தொன். வினா 3இல் மழைத்துளியின் நேரடித் தாக்கம், நீர் ஒட்டாத படை, இடைமொன்சூன் மழையின் கடுமை ஆகிய மூன்றையும் காரணத்தோடு எழுதுக. வெறுமனே பெயர் குறிப்பிட்டால் பாதிப் புள்ளியே கிடைக்கும். வினா 5இல் காவலி, ஒளித்தெறிப்பு, மறைவெப்பம் ஆகிய மூன்று சொற்களும் இடம்பெறுதல் வேண்டும்.